குருதிக்கலனின் சீனிப் பூச்சு ஓட்டத்தை உணர்வது எப்படி?

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் எல்லாரும் குருதிக்கலனின் குறுக்குவெட்டைக் கீறியிருப்பார்கள். உள்ளே ஒற்றை வரிசையாக அகவணிக் கலங்கள், அடுத்துத் தசை, வெளியே தொடுப்பிழையம். உள்விளிம்பைக் கவராயத்தால் வழுவழுவென்று கீறிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்த விளிம்பு அப்படி வழுவழுப்பானது இல்லை. சீனி மூலக்கூறுகளைக் கோத்துச் செய்த இழைகள் அதன்மேல் அடர்ந்து நிற்கின்றன. கிளைக்கோகலிக்ஸ் என்பது இந்தப் பூச்சின் பெயர்.

இது இவ்வளவு காலமும் கண்ணில் படாமல் இருந்ததற்கு இலத்திரன் நுணுக்குக்காட்டியே ஒரு காரணம். அதில் பார்ப்பதற்காக இழையத்தைப் பதப்படுத்தும்போது நீர் போய்விடும். நீரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிற இழைகள் அத்தோடு சரிந்துவிடும். 1966 இல் லஃப்ற் என்ற ஆய்வாளர் றுத்தீனியம் சிவப்பு என்ற சாயத்தை ஊட்டி இந்தப் பூச்சைப் படம்பிடித்தார். அப்போதும் மெல்லிய படலமாகத்தான் தெரிந்தது. 1996 இல் உயிருள்ள ஹம்ஸ்ரர் என்ற எலி போன்ற சிறு விலங்கின் மயிர்க்குழாய்களில் அளந்தபோது அரை மைக்கிரோமீற்றர் அளவுக்குத் தடிப்பு இருந்தது. மயிர்க்குழாய்ச் சுவரில் பல இடங்களில் அகவணிக் கலமே அவ்வளவு தடிப்புத்தான்.

இழைகளில் பெரும்பங்கு ஹெப்பரான் சல்பேற்று என்ற சீனிச் சங்கிலி. அவை தனியாக நிற்பதில்லை, தாங்கிப் புரதங்களில் தொங்குகின்றன. அந்தத் தாங்கிகளில் இரண்டை மட்டும் இங்கே பார்த்தால் போதும். சின்டெக்கன் கலமென்சவ்வை ஊடுருவி வாலை உள்ளே நீட்டியிருக்கிறது. அந்த வாலை இணைப்புப் புரதங்கள் அக்ரின் என்ற புரத இழைகளோடு, அதாவது கலத்துக்கு உள்ளே சட்டமாக நிற்கும் குழியவன்கூட்டோடு, பிணைக்கின்றன. கிளிப்பிக்கனுக்கு உள்ளே வால் கிடையாது. கொழுப்பாலான ஒரு நங்கூரத்தால் மென்சவ்வின் வெளிப்பக்கத்தில் மட்டும் ஒட்டியிருக்கிறது.

இனித்தான் சிக்கல். நாடியில் குருதி ஓடும்போது சுவரை உரசுகிறது. அந்த உரசல் 1 முதல் 2 பஸ்கால் வரைதான். அதை அகவணிக் கலம் உணர்ந்து, நைத்திரிக் ஒக்சைட்டை விட்டு, தசையைத் தளர்த்திக் கலனை விரிக்கிறது. நைத்திரிக் ஒக்சைட் இப்படிச் சேதி சொல்கிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 1998 இல் மூவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். சரி, கலம் அந்த உரசலை எப்படி உணர்கிறது? பூச்சுக்குள் திரவம் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. ஓட்டத்தின் வேகம் பூச்சின் மேல்விளிம்பிலேயே அடங்கிவிடுகிறது. ஆகவே மென்சவ்வுக்கு நேரடியாக எந்த உரசலும் வந்து சேர்வதில்லை.

இரணைமடுவில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு, கோரை மண்டிய ஒரு கிளை வாய்க்காலைக் குனிந்து பார்த்தால் இது விளங்கும். மேலே தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும். கோரைகளுக்கு இடையில், அடியில், தண்ணீர் தேங்கியே நிற்கும், சேறுகூடக் கலங்காது. ஆனால் ஓட்டம் கோரையின் தலையைத் தள்ளுகிறது, தண்டு வளைகிறது, வளைகிற தண்டு தன் அடியை நெம்புகிறது. ஓட்டத்தின் பலம் தண்ணீர் வழியாக மண்ணுக்குப் போவதில்லை, தண்டு வழியாகப் போகிறது. அகவணியில் வேரின் இடத்தில் இருப்பது மென்சவ்வுக்குச் சற்றுக் கீழே படர்ந்திருக்கும் அக்ரின் வலை.

நியூயோர்க்கில் வைன்பாம் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2003 இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அடுத்த வருடமே சோதனை. எலியின் அகவணிக் கலங்கள்மேல் 5 மணி நேரம் திரவத்தை ஓடவிட்டார்கள். பூச்சு முழுதாக இருந்த கலங்களில், விளிம்பைச் சுற்றியிருந்த தடித்த அக்ரின் பட்டி குலைந்து, உள்ளே நீளமான அக்ரின் கற்றைகள் தோன்றின. ஹெப்பரான் சல்பேற்றை நொதியத்தால் வெட்டிவிட்ட கலங்களில் பட்டி பெரும்பாலும் இருந்தபடியே இருந்தது. ஓட்டம் ஒன்றேதான், ஆனால் வன்கூட்டுக்குச் சேதி போய்ச் சேரவில்லை.

எனக்குப் பிடித்தது 2003 இல் மாட்டு நாடிக் கலங்களில் செய்த இன்னொரு சோதனை. அதே நொதியத்தைப் போட்ட பிறகு, ஓட்டத்துக்கு நைத்திரிக் ஒக்சைட் வரவில்லை. ஆனால் ஓட்டமே இல்லாமல் நைத்திரிக் ஒக்சைட்டைத் தூண்டுகிற ஹிஸ்ரமைன் என்ற பொருளைக் கொடுத்தால் தாராளமாக வந்தது. கலம் செத்துவிட்டது, அதனால் பேசாமல் இருக்கிறது என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. ஓட்டத்தை உணரும் பாதை மட்டும்தான் அறுந்திருக்கிறது.

கிளிப்பிக்கன் என்ன ஆகிறது? ஓட்டம் தொடங்கி அரை மணி நேரத்தில் அது தன் ஹெப்பரான் சல்பேற்றையும் தூக்கிக்கொண்டு கலத்தின் விளிம்புக்கு ஒதுங்குகிறது. சின்டெக்கன் நகர்வதில்லை, உள்ளே கட்டியிருக்கிறதே! ஒரு நாள் ஓட்டம் தொடர்ந்தால் புதிய இழைகள் உண்டாகி வெறுமையான இடமும் நிரம்புகிறது. அப்படியென்றால் பூச்சு எங்கே நிற்கும், எங்கே நகரும் என்பதில் வன்கூட்டுக்கும் பங்கு உண்டு. இது ஒருவழிப் பாதை இல்லை.

ஆனையிறவு உப்பைச் சோற்றில் அள்ளிப் போடுகிறவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஹெப்பரான் சல்பேற்றின் மறையேற்றம் சோடியத்தைப் பிடித்துவைக்கும். ஜேர்மனியில் மியூன்ஸ்ரர் ஆய்வாளர்கள் 2011 இல் கலங்களைச் சில நாட்கள் அதிக சோடியத்தில் வைத்திருந்தபோது பூச்சு மெலிந்தது, கலம் விறைத்தது. அதே குழு அதற்கு முன்பு, விறைத்த அகவணி நைத்திரிக் ஒக்சைட்டைக் குறைவாக விடுவதாகவும் காட்டியிருந்தது. உப்புக்கும் பிறஷருக்கும் உள்ள உறவு முழுவதும் இதுதான் என்று சொல்லமாட்டேன். சிறுநீரகம் இருக்கிறது, வேறு காரணங்களும் இருக்கின்றன.

வன்னியில் இந்தப் பூச்சு கெட்டுப்போவதை நேரில் பார்க்கக்கூடிய இடம் டெங்கு விடுதி. 2016 இல் வந்த ஆய்வின்படி, வைரசின் என்.எஸ்.1 என்ற புரதம் அகவணிக் கலங்களின் சொந்த நொதியங்களையே கிளப்பிவிடுகிறது. அவை பூச்சை வெட்டித் தள்ளுகின்றன. கலங்களின் இடைவெளிக்கு மேலே காவல் நின்ற இழைகள் போய்விட்டால், குருதிப் புரதமான அல்புமினும் அதன் பின்னால் நீரும் வெளியே கசியும். அதைப் பிடிக்கத்தான் தாதி விரல் நுனியில் குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டுக் குருதி எடுத்துச் சுழற்றி, செங்குழிய நிரலின் உயரத்தை, அதாவது குருதியில் நூற்றுக்கு எவ்வளவு செங்குழியம் என்பதை (பி.சி.வி.), பார்க்கிறார். "பி.சி.வி. ஏறுது" என்றால் புதிதாகச் செங்குழியம் பெருகிவிட்டது என்று அர்த்தமில்லை, திரவம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். 40 இல் இருந்தது 48 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம்; அது கசிவுக்கான அடையாளம்.

கசிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம்தான். அப்புறம் வெளியே போன திரவம் கலன்களுக்குத் திரும்பி வரத் தொடங்கும். வீட்டுக்காரர் "சேலைனை ஏன் நிப்பாட்டுறியள்?" என்று பதறுவது இந்தக் கட்டத்தில்தான். திரும்பி வருகிற நீரோடு சேலைனும் சேர்ந்தால் நுரையீரலில் நீர் தேங்கும், அதனால் நிறுத்துகிறார்கள்.