திங்கட்கிழமை ராகு காலமும் பிரிண்டரின் முகவரியும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருக்கும் வாசகர் எழுதியிருக்கிறார்: "திங்கட்கிழமை காலை ஏழரைக்கு பிரிண்டரைப் போட்டால் கொழுந்து ரசீது அச்சாவதில்லை. ஒன்பது மணிக்கு மேல் பழுது பார்ப்பவர் வந்து, பிரிண்டரைக் கணினியில் புதிதாகச் சேர்த்துவிட்டுப் போகிறார். பிறகு சனிக்கிழமை வரை தொல்லை இல்லை. ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம், ஆறு மணிக்கே போட்டுவிடுங்கள் என்கிறார் முதலாளி. உண்மையில் என்ன காரணம்?"

ஆறு மணிக்குப் போட்டாலும் அச்சாகாது. காரணம் சனிக்கிழமை மாலையில் இருக்கிறது.

ரசீது மென்பொருளுக்குப் பிரிண்டரின் பெயர் மட்டுமே தெரியும். அந்தப் பெயரை விண்டோஸ் ஓர் ஐபி முகவரியோடு, அதாவது வலையமைப்பில் ஒரு கருவியைக் கண்டுபிடிக்க உதவும் எண்ணோடு, இணைத்து வைத்திருக்கிறது. 192.168.1.34 என்று வைத்துக்கொள்வோம்; இனி கடைசி எண்ணை மட்டும், 34 என்று சொல்கிறேன். ரசீது அந்த முகவரிக்கு, பெரும்பாலும் அங்கே 9100 என்ற போர்ட்டுக்கு, அதாவது வாசல் எண்ணுக்கு, போகும். அங்கே பிரிண்டர் இருந்தால் அச்சாகும். ஆனால் அந்த முகவரி பிரிண்டருக்குச் சொந்தமில்லை. அங்குள்ள கருவிகளையெல்லாம் இணைக்கும் ரவுட்டர் அதை வாடகைக்கு விட்டிருக்கிறது.

இந்த வாடகை முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். 1993-இல் முதல் வரையறை வந்தது. இன்று புழக்கத்தில் இருப்பது 1997-இல் திருத்தப்பட்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத பகுதி அதன் தொடக்கம். இப்போதுதான் விழித்த பிரிண்டருக்கு முகவரி கிடையாது. ரவுட்டர் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. தன் முகவரி தெரியாதவன், யாரென்றே தெரியாதவரிடம் எப்படிப் பேசுவான்?

அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்று எழுதுகிறது. பெறுநர் இடத்தில் 255.255.255.255, அதாவது 'இங்கே இருக்கும் எல்லோரும்'. "எனக்கு ஒரு முகவரி தருவார் உண்டா?" என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி கூவுகிறது. கூடவே, ஏறத்தாழ 429 கோடி எண்களில் ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்து டோக்கன்போல ஒட்டி வைக்கிறது. தொழிற்சாலையில் பிறந்தபோதே பொறிக்கப்பட்ட மேக் எண்ணையும் சொல்கிறது. ரவுட்டர் அதே டோக்கனோடு "34 காலியாக இருக்கிறது, வேண்டுமா?" என்கிறது. ஒரே நொடியில் பத்துக் கருவிகள் கூவினாலும், டோக்கனைப் பார்த்து அவரவர் பதிலை அவரவர் அடையாளம் கண்டுகொள்ளலாம். "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று பிரிண்டர் மறுபடியும் எல்லோருக்கும் கேட்கச் சொல்கிறது. வேறு ரவுட்டர் ஏதேனும் முகவரி தர முன்வந்திருந்தால், தன்னுடையது வேண்டாமென்று அதுவும் அறிந்துகொள்ளும். கடைசியில் "சரி, 24 மணி நேரத்துக்கு உனது" என்று ஒப்பந்தம் முடிகிறது. முகவரியே இல்லாத ஒன்று நான்கே செய்திகளில் முகவரி பெற்றுவிடுகிறது!

கெடுவில் பாதி கழிந்ததும் பிரிண்டர் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். இனி வாசகரின் வாரத்தைப் பாருங்கள். காலை 7.30-க்குப் போடும் பிரிண்டர் மாலை 7.30-க்குப் புதுப்பிக்கிறது, எட்டு மணிக்கு அணைக்கிறார்கள். மறுநாள் மாலை வரை முகவரி அதனுடையதே. சனிக்கிழமை மாலை புதுப்பித்தது ஞாயிறு மாலை 7.30-க்குக் காலாவதியாகிறது. ரவுட்டரோ ஓய்வதில்லை. அன்றிரவு வைஃபையில் இணையும் யாரோ ஒருவரின் கைபேசிக்கு 34 போய்விடும். திங்கள் காலை பிரிண்டருக்குக் கிடைப்பது 41. கணினி வழக்கம்போல 34-க்கு ரசீது அனுப்ப, கைபேசியில் அதை வாங்க ஆளில்லை.

வாசகரிடம் இரண்டு விவரம் கேட்டேன். பிரிண்டரே அச்சிட்டுத் தரும் அமைப்புத் தாளில் 41. எந்தப் பிரிண்டர் எந்த முகவரியில் என்று குறித்து வைக்கும் விண்டோஸின் போர்ட் பட்டியலில் 34. பழுது பார்ப்பவர் வாராவாரம் செய்தது புதிய எண்ணை எழுதியது மட்டுமே. அவர் வரும் நேரம் ராகு காலம் முடியும் நேரமாக அமைந்ததால், நம்பிக்கை வலுத்துவிட்டது. யாருடைய நம்பிக்கையையும் புண்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் சாக்கில் அடைத்த கொழுந்து சூடேறிக்கொண்டிருக்க, சிறு விவசாயிகள் ரசீதுக்காகப் பனியில் நிற்கிறார்கள். காரணத்தைத் தேடாமல் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், பிரிண்டரின் மேக் எண்ணுக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். அந்த வசதி இல்லாத ரவுட்டரானால், வாடகைக்கு விடும் எண்களை 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டு, பிரிண்டரிலேயே 192.168.1.50 என்று கையால் எழுதிவிடுங்கள். பிறகு விண்டோஸின் போர்ட் பட்டியலிலும் அதே எண்ணை எழுத வேண்டும். மென்பொருளில் எதையும் தொட வேண்டாம். அதற்குப் பெயர் தெரிந்தால் போதும்.