வீட்டு விலை இறங்குமா என்று கேட்பதற்கு முன்

பொருளாதார மந்தம் வரப்போகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் வேறெதையும் விட முதலில் கேட்பது வீட்டு விலை இறங்குமா என்பதைத்தான். வாங்கக் காத்திருப்பவர் அதை ஆவலோடு கேட்கிறார். கடன் கட்டிக்கொண்டிருப்பவர் கலக்கத்தோடு கேட்கிறார். சொத்துப் பரிமாற்றத்தையும் வங்கிக் கடன் வழக்குகளையும் பார்க்கும் வழக்கறிஞர் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இதுதான்: என் மேசைக்கு வந்த கோப்புகளில், விலை இறங்கியதால் மட்டும் வீட்டை இழந்த குடும்பம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. வருமானம் நின்று, தவணை தவறி, அதை வங்கியிடமோ வீட்டில் உள்ளவர்களிடமோ சொல்லாமல் மாதங்களைக் கடத்தியதால்தான் வீடுகள் கைவிட்டுப் போயின. விலைச் சரிவு அதற்குப் பிறகு வந்து இழப்பைப் பெரிதாக்குகிறது.

நம்மவர்களிடம் வீடு பற்றிய எண்ணம் ஆழமானது. தோட்டத்து லயத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு, வேலை போனால் கூரையும் போய்விடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபோது வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள்தான் இன்று செந்தூலிலும் செத்தாபாக்கிலும் பூச்சோங்கிலும் தங்கள் பெயரில் வீடு வைத்திருக்கிறார்கள். அந்த வீடு அவர்களுக்கு முதலீடு மட்டுமல்ல, மானம். அதனால்தான் "வீட்டு விலை ஒருநாளும் இறங்காது" என்ற நம்பிக்கையை விட மனம் வருவதில்லை. அதனால்தான் தவணை கட்ட முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் மனம் வருவதில்லை. அந்த மனநிலையை நான் மதிக்கிறேன். ஆனால் மந்தக் காலத்தில் அதுவே குடும்பத்துக்கு எதிராகத் திரும்பிவிடுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

விலை இறங்கியதே இல்லை என்பது உண்மையன்று. 1998இல் மலேசியாவின் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியபோது வீட்டு விலைகளும் விழுந்தன; வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. 2009இலும் 2020இலும் பொருளாதாரம் சுருங்கியது, ஆயினும் நாடளாவிய விலையில் அப்படியொரு சரிவு ஏற்படவில்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாரா வட்டியைக் குறைத்ததும் (2020 ஜூலையில் அதன் கொள்கை வட்டி விகிதம் 1.75 விழுக்காடு வரை இறங்கியது), அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஆறு மாதங்களுக்குத் தவணை ஒத்திவைப்பு தரப்பட்டதும் அதற்கு முக்கியக் காரணங்கள். தவணை நெருக்கடி இல்லாதபோது யாரும் அவசரப்பட்டு விற்பதில்லை; விற்பவர் அவசரப்படாதபோது விலையும் எளிதில் இறங்குவதில்லை.

மந்தம் முதலில் தாக்குவது விலையை அல்ல, விற்பனையைத்தான். விளம்பரத்தில் அதே விலை நிற்கும். பார்க்க வருவோர் குறைவார்கள். வாங்க ஒப்புக்கொண்டவருக்கு வங்கி கடன் தராது. கோலாலம்பூரின் கொண்டோக்களுக்கும் சேவை அடுக்ககங்களுக்கும் இது கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் கட்டி முடிந்தும், விற்பனைக்கு விட்டு ஒன்பது மாதங்களுக்கு மேலாகியும் விற்காமல் கிடக்கும் வீடுகள் என்று தேசியச் சொத்துத் தகவல் மையம் கணக்கிடும் பட்டியலில் இந்த அடுக்குமாடி வீடுகள் பெரிய பங்கு வகிக்கின்றன. அதே கட்டடத்தில் மேம்பாட்டாளரே தள்ளுபடியில் விற்கும்போது, பத்தாவது மாடியில் உள்ளவர் தன் வீட்டை அவசரத்துக்கு விற்பது எளிதன்று. தரை வீடுகளின் நிலை அவ்வளவு மோசமில்லை.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். 500,000 ரிங்கிட் வீட்டுக்கு 450,000 ரிங்கிட் கடன், 35 ஆண்டுகள், 4 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 1,990 ரிங்கிட். ஐந்து ஆண்டுகளில் கட்டிய தொகை 119,000 ரிங்கிட்டைத் தாண்டியிருக்கும், ஆனால் அசலில் குறைந்தது சுமார் 33,000 மட்டுமே. இன்னும் 417,000 பாக்கி நிற்கும். ஆரம்ப ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது என்பதைக் கடன் வாங்கும் நாளில் எவரும் நிறுத்தி நிதானமாக எடுத்துச் சொல்வதில்லை. அந்த நேரத்தில் சந்தை விலை 15 விழுக்காடு இறங்கி 425,000 ஆனாலும், தவணையைத் தொடர்ந்து கட்டுகிறவருக்கு அன்றாட வாழ்க்கையில் எதுவும் மாறாது. வீடு வெறும் 425,000தான் பெறும் என்பதற்காக எந்த வங்கியும் அவர் கதவைத் தட்டப்போவதில்லை.

தவணை நின்றவருக்கோ கதை வேறு. மூன்று மாதம் கட்டாமல் விட்டால் வங்கி அதைச் செயல்படாக் கடன் என்று வகைப்படுத்தும். நினைவூட்டல் கடிதங்கள் வரும், பிறகு தேசிய நிலச் சட்டத்தின்படி, தவணை தவறியதற்கான அறிவிப்பான 16டி படிவம் வரும், அதன்பின் நீதிமன்ற அல்லது நில அலுவலக உத்தரவு, கடைசியில் லெலோங் எனும் பொது ஏலம். இதற்குள் ஓராண்டோ அதற்கு மேலோ ஓடிவிடும்; வட்டி மட்டும் ஓடுவதை நிறுத்துவதில்லை. மந்தக் காலத்து ஏலத்தில் முதல் தடவையே கேட்பாரற்றுப் போவது சாதாரணம், ஒவ்வொரு முறையும் ஒதுக்கீட்டு விலை (ஏலத்தில் கேட்கக்கூடிய குறைந்தபட்ச விலை) பத்து விழுக்காடு வரை குறைக்கப்படும். மேற்சொன்ன வீடு 425,000க்குப் போகாமல், 382,500க்கும் போகாமல், மூன்றாம் முறை 344,250க்கு விற்றதென்றால், அதற்குள் வட்டியும் வழக்குச் செலவும் சேர்ந்து 450,000 அளவுக்கு வளர்ந்திருக்கும் கடனில் 100,000 ரிங்கிட்டுக்கு மேல் பாக்கி நிற்கும்.

அந்தப் பாக்கியை யார் கட்டுவது? கடன் வாங்கியவர்தான். "சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது" என்று நம்புகிறவர்களை இன்னும் சந்திக்கிறேன். அமெரிக்காவின் சில மாநிலங்களில் அப்படியொரு ஏற்பாடு உண்டு, மலேசியாவில் இல்லை. வீடு போன பிறகும் மிச்சக் கடனுக்கு வங்கி வழக்குத் தொடுக்கலாம். திவால் நடவடிக்கைக்கான வரம்பு இப்போது 100,000 ரிங்கிட். மேலே உள்ள கணக்கை இந்த எண்ணோடு ஒருமுறை சேர்த்துப் பாருங்கள்.

செத்தாபாக்கிலிருந்து வந்த ஒரு தம்பதியரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் ஆட்குறைப்பில் வேலை இழந்தவர். கையில் கிடைத்ததையெல்லாம் வங்கியில் போட்டார்: ஒரு மாதம் 500, அடுத்த மாதம் 800, பிறகு 300. ஏமாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. வங்கி நம் நல்ல மனத்தைப் புரிந்துகொள்ளும் என்று அவர் நினைத்தார், அதனால் யாரையும் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் எழுத்துப்பூர்வ ஏற்பாடு இல்லாத குறைத்தொகை, வங்கியின் கணக்கில் குறைத்தொகைதான். நிலுவை மாதங்களின் எண்ணிக்கை வங்கிகள் பார்க்கும் சிசிஆர்ஐஎஸ் கடன் பதிவில் ஏறிக்கொண்டே போனது. வந்த கடிதங்களைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் ஆணியில், அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். மனைவி அவற்றைக் கண்டது புத்தாண்டுக்குப் புது நாள்காட்டி மாட்டியபோது. அதற்குள் 16டி படிவமும் அந்தக் கட்டில் இருந்தது.

அவர் கட்டிய அதே தொகையை, வேலை போன முதல் மாதத்திலேயே வங்கியுடன் பேசி எழுத்தில் ஒப்புக்கொண்டு கட்டியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வங்கிகள் தவணைக் காலத்தை நீட்டிக்கலாம், சில மாதங்களுக்கு வட்டியை மட்டும் கட்டச் சொல்லலாம். ஆனால் கணக்கு இன்னும் நல்ல நிலையில் இருக்கும்போது கேட்பவருக்கு அவர்கள் தரும் பதில் வேறு, கோப்பு வழக்கறிஞர் கைக்குப் போன பிறகு தரும் பதில் வேறு. ஒரு வங்கியோடு நிற்காமல் கடன் அட்டை, தனிநபர் கடன், கார்க் கடன் என்று பல பக்கம் இழுபடுகிறவர்கள் ஏகேபிகேவை அணுகலாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த இந்நிறுவனம் இலவசமாக ஆலோசனை தந்து, கடன்களை ஒன்றாகத் திரட்டி ஒரே திட்டமாக மாற்ற வங்கிகளுடன் பேசுகிறது. காசு வாங்கிக்கொண்டு "கடனைச் சரிசெய்து தருகிறேன்" என்று வரும் இடைத்தரகர்களிடம் போக வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

வேலை இழந்தால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ கைகொடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். எவ்வளவு, எத்தனை நாளுக்குள் என்பது தெரிவதில்லை. வேலை போன 60 நாளுக்குள் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தானாக வேலையை விட்டவருக்கு இது கிடைக்காது. 4,000 ரிங்கிட் சம்பளக்காரருக்கு முதல் மாதம் 80 விழுக்காடாக 3,200, இரண்டாம் மாதம் 2,000, மூன்றாம் நான்காம் மாதங்களில் 1,600, சந்தா செலுத்திய காலத்தைப் பொறுத்து ஐந்தாம் ஆறாம் மாதங்களிலும் கிடைத்தால் 1,200. மூன்றாம் மாதமே இந்தத் தொகை நாம் கணக்கிட்ட 1,990 ரிங்கிட் தவணைக்குக் கீழே இறங்கிவிடுகிறது, சோற்றுக்கும் பள்ளிப் பேருந்துக்கும் ஒரு காசு ஒதுக்கும் முன்பே. ஆகவே கையிருப்பு ஆறு மாதத் தவணைக்காவது இருக்கிறதா என்று பார்ப்பது, விலை நிலவரத்தைப் பார்ப்பதைவிட அவசரமான வேலை. ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக் கடனுக்காகப் பணம் எடுக்க வழி இருக்கிறது. நெருக்கடி முற்றும் முன்பே அதை விசாரித்து வையுங்கள். கடனோடு எடுத்த காப்புறுதி மரணத்துக்கும் நிரந்தர முடக்கத்துக்குமானது, வேலையிழப்புக்கு அல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இந்த இடைவெளியை ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் வாங்கியோ கூட்டுப் பணத்தை எடுத்தோ நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆலோங்கைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பலர் மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் கூட்டு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பிடிப்பவர் ஓடிப்போனால் சட்டத்தின் துணை நமக்குக் கிடைப்பது அரிது.

குடும்பங்களை அதிகம் பிளக்கும் விஷயம் கையெழுத்து. தம்பிக்குச் சம்பளம் போதவில்லை என்று அண்ணன் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். அவர் ஜாமீன்தாரராகப் போட்டாரா, கூட்டுக் கடனாளியாகப் போட்டாரா என்று கேட்டால் பெரும்பாலோருக்குப் பதில் தெரிவதில்லை. குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கு இலாப நோக்கமின்றி ஜாமீன் நின்றவரைச் சமூக ஜாமீன்தாரர் என்று திவால் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாக்கிறது; அவரைத் திவாலாக்க முடியாது, பணம் கேட்டு வழக்குத் தொடுக்க மட்டும் முடியும். கூட்டுக் கடனாளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் ஒருநாள்கூட அந்த வீட்டில் தங்காதவராக இருந்தாலும் முழுக் கடனும் அவருடையது. மந்தம் பற்றிக் கவலைப்படும் ஒவ்வொருவரும் தம் பெயர் எந்தெந்தப் பத்திரத்தில், எந்த நிலையில் இருக்கிறது என்பதை இப்போதே எடுத்துப் பார்க்க வேண்டும். முடிந்தால் தம்பியிடம் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும்.

விலை விழட்டும், லெலோங்கில் அள்ளலாம் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏலத்தில் பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, நீதிமன்ற ஏலமானால் 120 நாளுக்குள் மீதியைச் செலுத்த வேண்டும். அந்தக் கெடுவை நீட்டிக்க முடியாது. வங்கிகள் கையை இறுக்கும் காலத்தில்தான் ஏல வீடுகள் மலிகின்றன என்பதால், கடன் கிடைக்காமல் முன்பணத்தை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றும் பொறுப்பும் வாங்குபவர் தலையில்தான். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒரு குடும்பம் என்பதை மறக்க வேண்டாம்.

கட்டவே முடியாது என்று தெரிந்துவிட்டால், தாமே விற்றுவிடுவது அவமானமன்று. மேலே சொன்ன வீட்டை வங்கி ஏலத்தில் தள்ளுவதற்கு முன் சொந்தக்காரரே 420,000க்கு விற்றிருந்தால், ஐந்தாண்டுத் தவணை போயிருக்கும், கடன் தீர்ந்திருக்கும், பெயர் பிழைத்திருக்கும். வாங்கி ஐந்து ஆண்டுகளைக் கடந்த குடிமக்களுக்குச் சொத்து ஆதாய வரியும் இல்லை. 16டி படிவம் வந்த பிறகும், ஏலத் தேதி குறித்த பிறகும்கூட இந்த வழி முற்றாக அடைபடுவதில்லை: ஏலம் முடிவடைவதற்கு முன் எந்த நேரத்திலும் கடன் பாக்கி முழுவதையும் செலுத்தி அதை நிறுத்தும் உரிமையைத் தேசிய நிலச் சட்டம் சொந்தக்காரருக்குத் தருகிறது. கையெழுத்தான விற்பனை ஒப்பந்தத்தையும் வாங்குபவருடைய வங்கியின் கடன் ஒப்புதல் கடிதத்தையும் காட்டியபோது ஏலத்தை ஒத்திவைக்க இணங்கிய வங்கிகளை நான் பார்த்திருக்கிறேன். செத்தாபாக் தம்பதியர் அப்படித்தான், ஏலத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது வீட்டை விற்றுக் கடனை அடைத்தார்கள்.