ரீமாஸ்டர்: தமிழில் எப்படிச் சொல்வது?

பழைய பாட்டு யூடியூபில் புதிதாக ஏறினாலும், பழைய படம் டிஜிட்டலில் மறுபடி தியேட்டருக்கு வந்தாலும், முப்பது வருடத்துக்கு முந்தைய கேம் புது முகத்தோடு விற்பனைக்கு வந்தாலும் எல்லாவற்றுக்கும் 'ரீமாஸ்டர்' என்ற ஒரே பெயர்தான். பழசைப் பளபளப்பாக்குவது என்றுதான் பெரும்பாலும் பொருள் கொள்கிறோம். அது பாதிதான் சரி.

மாஸ்டர் என்றால் நமக்கு ஓர் ஆள்: பரோட்டா மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர், ஸ்டண்ட் மாஸ்டர். வேர்ச்சொல்லும் ஆளைத்தான் குறிக்கிறது. லத்தீன் 'மகிஸ்தெர்' என்றால் தலைவர், ஆசான். அதற்குள் இருக்கும் 'மகிஸ்' (கூடுதலாக) சமஸ்கிருத 'மஹா'வுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் ரீமாஸ்டரில் இருக்கும் மாஸ்டர் ஆள் அல்ல, பொருள். இசைத்தட்டுக் காலத்தில் மெழுகுத் தட்டில் ஒலியைக் கீறி, அதன்மேல் உலோகம் படியவைத்து உரித்தெடுத்த எதிரச்சுக்குத்தான் மாஸ்டர் என்று பெயர். அதிலிருந்து 'மதர்' எனும் நேர்ப்படி, மதரிலிருந்து 'ஸ்டாம்பர்' எனும் அச்சு, அதிலிருந்து கடைக்குப் போகும் தட்டுகள். நாடா வந்த பிறகு, ஒலிகளைக் கலந்து முடித்த கடைசி நாடா மாஸ்டர் ஆயிற்று. நாடாவில் நகலுக்கு நகல் இரைச்சல் ஏறும். அதனால் நகலைக் கழுவித் துடைப்பதைவிட, ஆதி நாடாவுக்கே திரும்பிப் போய் அதிலிருந்து புதிய மாஸ்டர் எடுப்பது மேல். ரீமாஸ்டர் என்ற சொல் பிறந்தது இந்த வேலைக்குத்தான்.

கேம் உலகத்துக்கு வந்ததும் சொல் இளகிவிட்டது. சுட்டிச் சொடுக்கும் சாகச விளையாட்டுகளில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். லூகாஸ் ஆர்ட்ஸ் 1998இல் வெளியிட்ட 'கிரிம் ஃபேண்டாங்கோ'வை டபுள் ஃபைன் நிறுவனம் 2015இல் ரீமாஸ்டர் செய்தது. பழைய கோப்புகளில் சில டிஎல்டி என்ற காந்த நாடாக்களில் கிடந்தன. அந்த நாடாவைப் படிக்கும் கருவியை ஒருவர் பத்திரமாக வைத்திருந்ததால்தான் ஒலிக்கோப்புகள் மீண்டன. அசல் பொருளில் ரீமாஸ்டர் என்றால் இதுதான். ஆனால் அதே பெட்டிக்குள் வேறு வேலைகளும் உண்டு. இசையை மெல்போர்ன் சிம்பொனி இசைக்குழு புதிதாக வாசித்தது, அது மறுபதிவு. பாத்திரங்களின் மேற்பரப்பைத் திரும்பத் தீட்டி, ஒளியையும் புதிதாக அமைத்தார்கள். பின்னணிப் படங்களோ பழைய அளவிலேயே நின்றன. அதனால்தான் அகலத்திரையில் இரண்டு பக்கமும் பட்டை தெரிகிறது. பட்டை வேண்டாம் என்று படத்தை இழுத்து நிரப்பினால் ஆட்கள் குண்டாகத் தெரிவார்கள். பட்டையோடு ஆடுவதே நல்லது.

1990இல் வந்த 'சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' 2009இல் 'ஸ்பெஷல் எடிஷன்' என்ற பெயரில் வந்தது. படங்களை எல்லாம் புதிதாக வரைந்தார்கள், குரல் சேர்த்தார்கள். எஃப்10 விசையை அழுத்தினால் அதே இடத்தில் பழைய காட்சி வரும். ஆனால் பழைய காட்சியில் குரல் கிடையாது. இந்த விசை வேடிக்கைக்கு மட்டும் அல்ல. மதுக்கடையில் 'கிராக்' என்ற சாராயத்தைக் குவளையில் பிடித்து, சிறைப் பூட்டின்மேல் ஊற்ற வேண்டிய ஒரு புதிர் இருக்கிறது. கிராக் குவளையையே அரித்துவிடும். அரித்து முடிப்பதற்குள் அடுத்த குவளைக்கு மாற்றிக்கொண்டே ஓட வேண்டும். பழைய காட்சியில் 'எடு', 'திற', 'பயன்படுத்து' என்ற வினைச்சொற்களும் கைப்பொருள்களும் திரையின் அடியில் எப்போதும் தெரியும். புதியதில் இரண்டும் தனித்தனியாக ஒளிந்திருக்கின்றன. திறந்து எடுப்பதற்குள் குவளை கரைந்துபோகும். எஃப்10 அழுத்திப் பழையதற்கு மாறி, வேலையை முடித்துவிட்டுத் திரும்புவது சுலபம்.

பழைய பதிப்பை ஸ்கம்விஎம்மில் (பழைய சாகச விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஓட்டுபவர்கள் படவிகிதத் திருத்தத்தை இயக்கிவிட வேண்டும். மூலப்படம் 320×200 புள்ளி. அன்றைய 4:3 கண்ணாடித் திரையில் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரத்தில் 1.2 மடங்கு நீண்டு தெரிந்தது. ஓவியர்கள் அதைக் கண்ணில் பார்த்தபடியேதான் வரைந்தார்கள். திருத்தம் இல்லாமல் ஓட்டினால் முகங்கள் சப்பையாகும். 1600×1200 அளவில் வைத்தால் அகலம் சரியாக 5 மடங்கு, உயரம் 6 மடங்கு. புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் நிற்கும். 1080 வரித் திரையை முழு உயரத்துக்கு நிரப்பினால் 4.5 மடங்கும் 5.4 மடங்குமாகப் பிசிறும், சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும்.

இனித் தமிழ்ச் சொல். 'மறுபதிப்பு' பொருந்தாது, அது உள்ளதை உள்ளபடியே திரும்ப அச்சிடுவது. 'மறுஆக்கம்' ரீமேக்குக்கு உரியது. 'மீட்டுருவாக்கம்' என்றால் தொலைந்ததை ஊகித்துக் கட்டுவது போல ஒலிக்கிறது. 'மெருகேற்றிய பதிப்பு' காதுக்கு இதமானது, பலரும் எழுதுவது. ஆனால் மெருகு மேற்பரப்போடு நின்றுவிடும், நகலுக்கும் மெருகேற்றலாம். பதிப்பாசிரியர்களின் 'செம்பதிப்பு' அழகான சொல். ஆனால் அது பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்வது. இங்கே தேடிப் போவது ஒரே மூலத்தை. அந்தச் செம்மையை வாங்கி, மூலத்தோடு சேர்த்து 'மூலச்செம்மை' என்று சொல்லலாம். பெயராக 'மூலச்செம்மைப் பதிப்பு', வினையாக 'மூலத்திலிருந்து செம்மையாக்கினார்கள்'. பேச்சில் ரீமாஸ்டர் இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்தில், எந்த வேலை நடந்தது என்று பிரித்துச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல் கைகொடுக்கும்.

அப்படிப் பார்த்தால் கிரிம் ஃபேண்டாங்கோவில் ஒலி மூலச்செம்மை, இசை மறுபதிவு. மங்கி ஐலண்டின் காட்சி மறுவரைவு. 1993இல் வந்து 2016இல் ரீமாஸ்டர் என்ற பெயரையே தாங்கி வந்த 'டே ஆஃப் தி டென்டக்கிள்' படங்களும் மறுவரைவுதான். அதில் படம், ஒலி, இடைமுகம் மூன்றையும் தனித்தனியாகப் பழையதற்கோ புதியதற்கோ மாற்றிக்கொள்ளலாம்: பழைய படத்தோடு புதிய ஒலி, புதிய படத்தோடு பழைய வினைச்சொல் பட்டியல், எப்படி வேண்டுமானாலும்.