சிடிஎன்: நகரங்களின் எண்ணிக்கையைவிட முக்கியமான எண்

ஒரு தளத்தின் கோப்புகளின் நகல்களை உலகெங்கும் உள்ள சர்வர்களில் வைத்து, வாசகருக்கு அருகிலிருந்தே தரும் சேவைதான் சிடிஎன். ஓர் இணையதளத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால், முதலில் கண்ணில் படுவது உலக வரைபடமும் அதில் தெளித்துவைத்த புள்ளிகளும்தான். ஒரு நிறுவனம் 300-க்கும் மேற்பட்ட நகரங்களில் சர்வர் வைத்திருக்கிறது, இன்னொன்று நூறுக்கும் குறைவான இடங்களில். புள்ளி எங்கே அதிகமோ அங்கே வேகம் அதிகம் என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். கூட்டம் குவியும் பெரிய தளங்களுக்கு அது ஓரளவு உண்மை. சிறிய, நடுத்தரத் தளங்களுக்கோ அந்த எண்ணிக்கை நேர் எதிரான விளைவைக்கூடத் தரலாம். ஒரு பக்கத்தைக் கேட்டுப் போகும் கோரிக்கை வழியில் எதையெல்லாம் கடக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

முதலில் தூரம். ஆப்டிகல் ஃபைபருக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். வெற்றிடத்தில் அதற்குள்ள வேகத்தில் இது மூன்றில் இரண்டு பங்கு. வாசகருக்கும் உங்கள் சர்வருக்கும் இடையே 10,000 கிலோமீட்டர் கேபிள் இருந்தால், ஒரு தகவல் போய்ப் பதில் திரும்பக் குறைந்தது 100 மில்லி விநாடி ஆகும். எவ்வளவு விலை கொடுத்துச் சர்வர் வாங்கினாலும் இதைக் குறைக்க வழியில்லை.

ஒரு தடவை போய்வருவதோடு வேலை முடிந்தால் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் தகவலைத் துண்டுகளாக அனுப்பும் நெறிமுறையான டிசிபி வழியில் பிரவுசர் முதலில் இணைப்பை ஏற்படுத்தவே ஒரு சுற்று போய்வர வேண்டும். அதன்மேல், தகவலை மறையாக்கி அனுப்பும் டிஎல்எஸ் பாதுகாப்புக்கான சாவிகளைப் பேசி முடிக்க, 2018-இல் வெளியான 1.3 பதிப்பில் ஒரு சுற்று, பழைய 1.2 பதிப்பில் இரண்டு. அப்புறம்தான் பக்கத்தையே கேட்க முடியும். அதற்கு இன்னொரு சுற்று. ஆக, 1.3 பதிப்பிலேயே முதல் பைட் வந்து சேர்வதற்குள் 300 மில்லி விநாடி போய்விடுகிறது. கோப்பு பெரிதென்றால் இன்னும் இருக்கிறது. டிசிபி எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் அனுப்பாது. பொதுவாகப் பத்து பாக்கெட்டுகள், அதாவது 14 கிலோபைட் அளவுக்கு அனுப்பிப் பார்க்கும். அவை சேர்ந்த தகவல் வந்ததும் அளவை இரட்டிப்பாக்கும். 14, 28, 56, 112 என்று ஏறுவதால், புதிய இணைப்பில் 200 கிலோபைட் படம் ஒன்று முழுதாக வர நான்கு சுற்றுகள் பிடிக்கும்.

அதே வாசகருக்கு 500 கிலோமீட்டரில் ஒரு சிடிஎன் சர்வர் இருந்தால் ஒரு சுற்றுக்கு 5 மில்லி விநாடிதான். மேலே சொன்ன எல்லாமே இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சேமித்துவைக்க முடியாத பக்கங்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இணைப்பு ஏற்படுத்தும் பேச்சுகள் பக்கத்திலேயே முடிந்துவிடும். தொலைவில் உள்ள உங்கள் சொந்தச் சர்வரோடு, அதாவது மூலச் சர்வரோடு, சிடிஎன் ஏற்கெனவே திறந்துவைத்திருக்கும் இணைப்பில் ஒரே ஒரு நீண்ட சுற்று போதும். 300 மில்லி விநாடி ஆன இடத்தில் 120-க்குள் முடியும். 2022-இல் தரநிலையான எச்டிடிபி 3 என்ற நெறிமுறை, மேலே சொன்னவற்றில் முதல் இரண்டு சுற்றுகளையும் ஒன்றாக்குகிறது. பெரிய நிறுவனங்கள் எல்லாமே அதைத் தருவதால் ஒப்பீட்டுக்கு அது உதவாது.

பக்கத்தில் சர்வர் இருந்தால் மட்டும் போதாது, வாசகரின் கோரிக்கை அங்கே போய்ச் சேரவும் வேண்டும். நிறுவனங்கள் அடிப்படையிலேயே வேறுபடுவது இங்கேதான். சிடிஎன் நிறுவனமான அகமாய் பெரிதும் நம்பியிருப்பது, தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் வழி. தளத்தின் முகவரியை வாசகர் தரப்பு கேட்கும்போதே, கேட்பவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று கணித்து, அவருக்கு அருகிலுள்ள சர்வரின் ஐபி முகவரியைப் பதிலாகத் தருகிறது. நெரிசலைப் பார்த்து முடிவை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றலாம் என்பது இதன் பலம். பலவீனமும் உண்டு: கேள்வி கேட்பது வாசகர் அல்ல, அவருடைய டிஎன்எஸ் சர்வர். அது வேறு நாட்டில் இருந்தால் கணிப்பு தப்பும். வாசகரின் முகவரியில் ஒரு பகுதியையும் சேர்த்து அனுப்பும் நீட்சி ஒன்று இதற்காகவே உருவானது. கூகுளின் டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8 அதை அனுப்புகிறது, இன்னொரு சிடிஎன் நிறுவனமான கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 வாசகரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டி அனுப்புவதில்லை.

கிளவுட்ஃபிளேரின் சொந்த வலையமைப்பு எனிகாஸ்ட் முறையில் இயங்குகிறது. எல்லா நகரங்களிலும் உள்ள சர்வர்கள் ஒரே ஐபி முகவரியை அறிவிக்கும். இணையத்தின் வழித்தேர்வு நெறிமுறையான பிஜிபி, கோரிக்கையை அவற்றில் ஒன்றுக்குக் கொண்டுபோகும். ஒரு மையம் விழுந்தால் அடுத்தது தானாகவே ஏற்றுக்கொள்வதும், தாக்குதல் வெள்ளம் பல மையங்களுக்குப் பிரிந்துபோவதும் இதன் அழகு. ஆனால் பிஜிபி மில்லி விநாடியை அளப்பதில்லை. எத்தனை வலையமைப்புகளைத் தாண்ட வேண்டும், யாரோடு என்ன ஒப்பந்தம் என்பதை வைத்தே வழியைத் தேர்கிறது. வாசகரின் இணைய நிறுவனத்துக்கும் சிடிஎனுக்கும் அந்த ஊரில் நேரடி இணைப்பு இல்லாவிட்டால், அதே ஊரில் சர்வர் இருந்தும் கோரிக்கை வேறொரு நாட்டுக்குப் போய்வரும். அதனால்தான் வரைபடத்தில் உள்ள புள்ளியை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

சரி, கோரிக்கை பக்கத்து சர்வருக்கே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேட்ட கோப்பு அங்கே இருக்கிறதா? இருந்தால் ஹிட், இல்லாவிட்டால் மிஸ். மிஸ் என்றால் சிடிஎன் உங்கள் மூலச் சர்வருக்கு ஓடி எடுத்துவர வேண்டும். சிடிஎன்களை ஒப்பிட ஒரே ஓர் எண்தான் பார்க்கலாம் என்றால், நூறு கோரிக்கைகளில் எத்தனை ஹிட் என்ற இந்த விகிதத்தைத்தான் நான் பார்ப்பேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் கட்டுரையில் உள்ள படம் ஒன்றை ஒரு நாளில் 600 பேர் பார்க்கிறார்கள். அவர்கள் உலகெங்கும் சமமாகப் பரவியிருக்கிறார்கள். 300 இடங்களில் சர்வர் உள்ள சிடிஎனில் ஓர் இடத்துக்கு இரண்டு பேர். ஒவ்வோர் இடத்திலும் முதலாமவருக்கு மிஸ், இரண்டாமவருக்கு ஹிட். விகிதம் 50 சதவீதம். 30 இடங்கள் மட்டுமே உள்ள சிடிஎனில் ஓர் இடத்துக்கு 20 பேர். ஒருவருக்கு மிஸ், 19 பேருக்கு ஹிட். விகிதம் 95 சதவீதம். நிஜத்தில் நிலைமை இன்னும் மோசமாகலாம். ஒவ்வொரு சர்வரின் டிஸ்க்கிலும் ஆயிரக்கணக்கான தளங்கள் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. நெடுநேரம் யாரும் கேட்காத கோப்பு வெளியே தள்ளப்படும். இரண்டாமவர் பல மணி நேரம் கழித்து வந்தால் அவருக்கும் மிஸ்தான். நீங்கள் ஒரு நாள் காலாவதி என்று எழுதிவைத்தாலும், அதுவரை வைத்திருப்பதாக சிடிஎன் எந்த உறுதியும் தரவில்லை.

இதற்கு மருந்து அடுக்குக் கேஷ். கேஷ் என்பது கோப்புகளின் நகல்களைச் சேமித்துவைக்கும் இடம். வாசகருக்கு அருகிலுள்ள சர்வரில் கோப்பு இல்லையென்றால் அது நேராக மூலச் சர்வருக்குப் போகாது. மேலடுக்கில் உள்ள ஒரு பெரிய மையத்தைக் கேட்கும். 300 இடங்களின் மிஸ்களும் அங்கே ஒன்றுசேர்வதால், மூலச் சர்வர் ஒரு கோப்பை ஒருமுறை தந்தால் போதும். அமேசானின் சிடிஎனான கிளவுட்ஃபிரன்ட்டில் வட்டாரக் கேஷ் அடுக்கு இயல்பாகவே உண்டு. அதற்கும் மேல் ஆரிஜின் ஷீல்டு என்ற கட்டண வசதியும் இருக்கிறது. ஃபாஸ்ட்லி என்ற சிடிஎனில் ஷீல்டிங் என்ற பெயரில் நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும். கிளவுட்ஃபிளேரில் இதை இலவசத் திட்டத்திலும் இயக்கலாம். இந்த ஓர் அமைப்பை இயக்காமல் இரண்டு சிடிஎன்களை ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை என்பேன். விகிதம் 90-இலிருந்து 95 சதவீதமானால் முன்னேற்றம் ஐந்து சதவீதம் என்று தோன்றும். மூலச் சர்வரின் பக்கம் நின்று பாருங்கள்: பத்து லட்சம் கோரிக்கைகளில் ஒரு லட்சம் வந்துகொண்டிருந்தது 50,000 ஆகிறது. சுமை சரிபாதி.

ஓர் இடத்துக்குள்ளேயே பல சர்வர்கள் இருக்கும். அவற்றில் எந்தக் கோப்பை எதில் வைப்பது? கோப்பின் பெயரிலிருந்து ஓர் எண்ணைக் கணித்து, அதைச் சர்வர்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியைப் பார்த்து முடிவுசெய்யலாம். ஆனால் 10 சர்வர்கள் 11 ஆகும் நாளில், 11-இல் 10 பங்குக் கோப்புகளின் இடம் மாறிப்போய்க் கேஷ் ஏறக்குறைய காலியானதுபோல் ஆகிவிடும். 1997-இல் எம்ஐடி ஆய்வாளர்கள் வெளியிட்ட கன்சிஸ்டன்ட் ஹாஷிங் இதைத் தீர்த்தது. சர்வர்களையும் கோப்புகளையும் ஒரே எண் வளையத்தில் இடம்பெறச் செய்து, ஒவ்வொரு கோப்பையும் வளையத்தில் அடுத்து வரும் சர்வரிடம் ஒப்படைப்பது அந்த யோசனை. புதிய சர்வர் வந்தால் சுமார் 11-இல் ஒரு பங்கு மட்டுமே இடம் மாறும். அந்த ஆய்வில் இருந்த டாம் லெய்ட்டனும் டேனியல் லெவினும் 1998-இல் தொடங்கியதுதான் அகமாய். லெவின் 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானங்களில் ஒன்றில் உயிரிழந்தார். இன்று இணையத்தைத் திறக்கும் ஒவ்வொருவரும் அவருடைய உழைப்பின் பலனைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஹிட் விகிதத்தைக் கெடுப்பது பல நேரங்களில் சிடிஎன் அல்ல, தளத்தின் அமைப்புதான். கிளவுட்ஃபிளேரை இயக்கியதும் எல்லாமே கேஷ் ஆகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இயல்பு அமைப்பில் அது படங்கள், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற கோப்புகளைத்தான் சேமிக்கும், எச்டிஎம்எல் பக்கங்களைச் சேமிக்காது. விளம்பரத்தைப் பின்தொடர முகவரியின் வாலில் ஒட்டும் குறிகளும் இன்னொரு தொல்லை. ஒரே பக்கம் ஐம்பது குறிகளோடு வந்தால், ஐம்பது வெவ்வேறு பக்கங்களாகச் சேமிக்கப்படும். எந்தக் குறியைப் புறக்கணிக்கலாம் என்று எழுதும் வசதி எளிதாக இருக்கிறதா என்பதையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். இதில் அவசரம் கூடாது. வாசகர் யாரென்று காட்ட பிரவுசர் அனுப்பும் குக்கியைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் சேமிக்கச் சொன்னால், உள்நுழைந்த ஒருவரின் கணக்குப் பக்கம் அடுத்தவருக்குப் போய்விடும்.

மாறிய பக்கத்தை எல்லா இடங்களிலிருந்தும் அழிப்பதை பர்ஜ் என்பார்கள். செய்தித்தளம் என்றால் இதற்கு அதிக மதிப்பெண் தர வேண்டும். 2011-இல் தொடங்கிய ஃபாஸ்ட்லி பெயர் வாங்கியதே இதில்தான்: உலகம் முழுக்க சுமார் 150 மில்லி விநாடியில் அழித்துவிடும். கோப்புகளுக்கு அடையாளப் பெயர் சூட்டி, ஒரே கட்டளையில் ஒரு குழுவையே அழிக்கவும் முடியும். கிளவுட்ஃபிரன்ட்டில் மாதம் முதல் 1,000 பாதைகளை அழிக்கக் கட்டணம் இல்லை, அதற்குமேல் உண்டு. படங்களுக்கும் ஸ்கிரிப்ட்டுகளுக்கும் பர்ஜ் தேவைப்படாமலே பார்த்துக்கொள்ளலாம். உள்ளடக்கம் மாறும்போதெல்லாம் கோப்பின் பெயரும் மாறும்படி செய்துவிட்டால் போதும். பழையதை ஓராண்டு வைத்திருந்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

வேகத்தைப் பேசும்போது மறைந்துபோகிற ஒன்று நம்பிக்கை. டிஎல்எஸ் பூட்டு சிடிஎன் சர்வரிலேயே திறக்கப்படுகிறது. கடவுச்சொல் உட்பட வாசகர் அனுப்பும் அனைத்தும் அந்தச் சர்வரின் நினைவகத்தில் வெளிப்படையாக இருக்கும். 2017 பிப்ரவரியில் கிளவுட்ஃபிளேரின் எச்டிஎம்எல் பக்கங்களைப் படித்துப் பிரிக்கும் நிரலில் இருந்த பிழையால், ஒரு தளத்தின் நினைவகத் துணுக்குகள் வேறொரு தளத்தின் பக்கங்களில் கசிந்தன. கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டாவிஸ் ஓர்மண்டி அதைக் கண்டுபிடித்தார். நிறுவனம் விவரங்களை விரிவாக வெளியிட்டது. தவறே நடக்காத சிடிஎன் கிடையாது. நடந்தபின் எவ்வளவு திறந்து பேசுகிறது என்பதற்கு நான் நிறைய எடை தருவேன். 2021 ஜூன் 8 அன்று ஒரு வாடிக்கையாளர் செய்த, முற்றிலும் முறையான அமைப்பு மாற்றம் ஃபாஸ்ட்லியில் ஒளிந்திருந்த பிழையைத் தூண்டி, அதன் வலையமைப்பில் 85 சதவீதத்தைப் பிழைச்செய்தி தரவைத்தது. 49 நிமிடங்களுக்குள் 95 சதவீதம் மீண்டது. அதே நாளில் காரணத்தையும் எழுதினார்கள்.

எப்படி அளப்பது? இணையத்தில் கிடைக்கும் சோதனைக் கருவிகள் பெரும்பாலும் டேட்டா சென்டரில் இருந்துகொண்டு அளக்கின்றன. சிடிஎன் சர்வரும் அதே மாதிரியான இடத்தில்தான் இருக்கிறது, அதனால் எல்லாமே வேகமாகத் தெரியும். உங்கள் வாசகர் இருப்பது மொபைல் நெட்வொர்க்கில். நேவிகேஷன் டைமிங் என்ற வசதி எல்லா நவீன பிரவுசர்களிலும் இருக்கிறது. இணைப்புக்கு எவ்வளவு நேரம், முதல் பைட்டுக்கு எவ்வளவு நேரம் என்று வாசகரின் கருவியிலிருந்தே அது சொல்லும். வாசகர்களில் பாதிப் பேரை ஒரு சிடிஎனுக்கும் மீதிப் பேரை இன்னொன்றுக்கும் இரண்டு வாரம் அனுப்பிப் பாருங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், மெதுவான ஐந்து சதவீதத்தினர் அதில் காணாமல் போவார்கள். கூகுள் தன் கோர் வெப் வைட்டல்ஸ் அளவீட்டில் 75-ஆவது சதமானத்தை, அதாவது நூறில் 75 பேருக்கு அதைவிட அதிக நேரம் ஆகாத அளவை, பார்க்கிறது. நான் 95-ஆவதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். நாடு வாரியாகவும் இணைய நிறுவனம் வாரியாகவும் பிரித்தால், எனிகாஸ்ட் தடம்புரளும் இடங்கள் பளிச்சென்று தெரியும். ஹிட்டா மிஸ்ஸா என்பதைப் பதிலோடு வரும் குறிப்பான ஹெட்டரே சொல்லிவிடும்: கிளவுட்ஃபிளேரில் சிஎஃப்-கேஷ்-ஸ்டேட்டஸ், மற்ற பலவற்றில் எக்ஸ்-கேஷ். கேஷில் இருந்து வந்த பதில் எத்தனை விநாடி பழையது என்று ஏஜ் ஹெட்டர் காட்டும். அது எப்போதும் சிறிய எண்ணாகவே இருந்தால், காலாவதி நேரத்தைக் குறைவாக வைத்திருக்கிறீர்கள் அல்லது கோப்புகள் சீக்கிரமே வெளியே தள்ளப்படுகின்றன.

கட்டணத்தில் இரண்டு விதம். கிளவுட்ஃபிரன்ட், பன்னி போன்றவை பெரும்பாலும் கிகாபைட் கணக்கில், வட்டாரத்துக்கு ஏற்ற விலையில் வாங்குகின்றன. கிளவுட்ஃபிளேரின் சாதாரணத் திட்டங்களில் அளவுக்குக் கட்டணம் இல்லை. மூலச் சர்வர் அமேசானில் இருந்தால், அங்கிருந்து கிளவுட்ஃபிரன்ட்டுக்குப் போகும் தரவுக்குக் கட்டணமில்லை. வேறு சிடிஎன் வைத்தால் ஒவ்வொரு மிஸ்ஸுக்கும் அமேசானுக்கு வெளியேற்றக் கட்டணம் தர வேண்டும். ஹிட் விகிதம் இங்கேயும் பில்லில் வந்து நிற்கிறது.

கடைசியாக, வெளியேறும் வழி. லைம்லைட் என்ற பெயரில் நீண்டகாலம் இயங்கிய சிடிஎன் நிறுவனமான எட்ஜியோ, 2024 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. 2025 ஜனவரி நடுவில் அதன் வலையமைப்பு நிறுத்தப்பட்டது. அதன் வாடிக்கையாளர்களுக்கு இடம்பெயரக் கிடைத்தது சில மாதங்கள்தான். டிஎன்எஸ்ஸை சிடிஎன் நிறுவனத்திடமே ஒப்படைக்காமல் தனியாக வைத்து, அதன் டிடிஎல்லை, அதாவது அதன் பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவை, சில நிமிடங்களுக்குள் வைத்திருந்தால், ஒரு பதிவை மாற்றிப் போக்குவரத்தை வேறிடத்துக்குத் திருப்பிவிடலாம். காலாவதி விதிகளை மூலச் சர்வர் அனுப்பும் கேஷ்-கண்ட்ரோல் ஹெட்டரில் எழுதினால் எந்த சிடிஎனும் அதைப் புரிந்துகொள்ளும்; நிறுவனத்தின் சொந்த அமைப்புத்திரையில் எழுதியவற்றை மாறும்போது முதலிலிருந்து மறுபடி எழுத வேண்டும்.