உகப்பாக்கம்: ஒரு சொல் விளக்கம்

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்ட அலுவலகங்களில், மாதக் கடைசியானால் ‘ஆப்டிமைஸ் பண்ணியாச்சா?’ என்ற கேள்விக்குத் தப்பும் கிராணி (எழுத்தர்) யாருமில்லை. ‘மிகச் சிறந்தது’ எனப் பொருள்படும் ‘ஆப்டிமுஸ்’ என்ற லத்தீன் சொல்லே இதற்கு வேர். தமிழில் இதை ‘மேம்படுத்தல்’ என்று எழுதுவோர் பலர், அது பொருந்தாது. போன மாதத்தைவிடச் செலவு குறைந்தால் அது மேம்பாடு. இருக்கும் ஆளும் நேரமும் லாரியும் விதிக்கும் எல்லைக்குள், இதற்குக் கீழே செலவு இறங்கவே இறங்காது என்னும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் உகப்பாக்கம். ‘உகப்பே உயர்தல்’ என்கிறது தொல்காப்பிய உரியியல்; ‘அம்மனுக்கு உகந்த நாள்’ என்னும் நம் வழக்கிலோ பொருத்தம் என்ற பொருள் நிற்கிறது. இரண்டும் இங்கே வேண்டியவையே.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று என்பது விரிதாளில் தெரியும். மலேசியாவில் 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே இயல்பு வேலை. மணிக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால், 46ஆம் மணிக்கு ஒன்றரை மடங்காக 15 வெள்ளி தர வேண்டும். வரைபடத்தில் செலவுக்கோடு அந்த இடத்தில் முறிகிறது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்ப இன்னொரு லாரியை வாடகைக்கு எடுத்தாலோ, கோடு படிபோலத் தாவுகிறது. இப்படி முறிந்தும் தாவியும் போகும் செலவை ‘மழமழப்பற்ற செலவு’ என்பதைவிட ‘முறிவுச் செலவு’ என்றால் கிராணிக்கு உடனே புரியும் என்பது என் கருத்து.

எக்செல் விரிதாளில் உகப்பைத் தேடித்தரும் கருவியான சால்வர், நாம் முறையை மாற்றாதவரை, சரிவைப் பார்த்தே இறங்கும். ‘இஃப்’ வாய்பாட்டால் கட்டிய படியில் சரிவே இல்லாததால், ஒரு லாரியைக் குறைத்தால் வரும் மிச்சம் அதற்குத் தெரியாது. சால்வரின் இன்னொரு முறையான, பல விடைகளைப் போட்டுப் பார்த்துத் தேடும் ‘எவல்யூஷனரி’, படிகளுக்கு அஞ்சாது. ஆனால் அது தரும் விடை மேம்பாடேயன்றி உகப்பு என்று உறுதிகூற முடியாது. எனவே ஓ.டி. (மிகைநேர) மணிகளைத் தனி நெடுவரிசையாகப் பிரித்து, அது சுழிக்குக் குறையாமலும், மொத்த மணியில் 45 கழித்த மீதிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று எல்லை வைத்து, லாரியை முழு எண்ணாக்கிவிட்டால், நேர்கோட்டுக் கணக்குகளுக்கென 1947இல் அமெரிக்கக் கணித அறிஞர் டான்சிக் வகுத்த சிம்பிளெக்ஸ் முறையே போதும். அப்போதும் முழு எண் கணக்கில் சால்வர் உண்மையான உகப்பிலிருந்து 1 விழுக்காடு விலகலை ஏற்று நின்றுவிடும். அதை 0 ஆக்கிய பிறகே ‘உகப்பு’ என்று எழுதலாம்.