கோங்சான்டாங்: பொதுவுடைமைக் கட்சி

கொரிய மொழியில் கம்யூனிஸ்ட் கட்சியைக் 'கோங்சான்டாங்' என்பார்கள். மூன்று சீன எழுத்துகள் சேர்ந்த சொல் இது. கோங் என்றால் பொது, சான் என்றால் உடைமை, டாங் என்றால் கட்சி. பிரித்துப் பார்த்தால் நம் 'பொதுவுடைமைக் கட்சி' அப்படியே வந்து நிற்கிறது. 'சான்' என்பதற்கு விளைவிப்பது என்ற பொருளும் உண்டு. அது மட்டும் தமிழில் வரவில்லை.

சொல் பிறந்தது ஜப்பானில். மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) ஐரோப்பிய அரசியல் சொற்களைப் பெயர்த்தவர்கள் 'கியோசான்' என்று ஆக்கினார்கள். சீன எழுத்தில் இருந்ததால் சீனர்களும் கொரியர்களும் தத்தம் உச்சரிப்பில் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, இதற்கு முன்னால் வரும் நாட்டின் பெயர்? தமிழில் தடுமாற்றம் அங்கேதான். 1921இல் ஷாங்காயில் ஒன்று, சைபீரியாவின் இர்குட்ஸ்கில் ஒன்று என இரு கட்சிகள் தோன்றின. இரண்டுக்கும் பெயர் 'கோரியோ கோங்சான்டாங்'. இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. 1925 ஏப்ரல் 17 அன்று சியோலில் அமைந்ததோ 'சோசோன் கோங்சான்டாங்'. கோரியோ, சோசோன் இரண்டும் பழைய அரசுகளின் பெயர்கள். இவை எல்லாவற்றையும் 'கொரிய கம்யூனிஸ்ட் கட்சி' என்றே எழுதினால், படிப்பவர் ஒரே கட்சி என்றுதான் நினைப்பார். 'கோரியோ பொதுவுடைமைக் கட்சி', 'சோசோன் பொதுவுடைமைக் கட்சி' என்று பிரித்து எழுதுவதே சரி.

சியோல் கட்சி தொடங்கியது ஒரு சீன உணவகத்தில். அப்போது கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்ததால், ஜப்பானியக் காவல்துறையின் கண்ணில் படாமல், விருந்துக்கு வந்தவர்கள்போலக் கூடினார்கள். கிம் சே போங் பொறுப்புச் செயலாளரானார். மறுநாள், கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாக் ஹோன் யோங் வீட்டில் இளைஞர் அமைப்பு உருவானது. அதே ஆண்டு நவம்பரில், எல்லை நகரமான சினுய்ஜுவில் இன்னொரு உணவகத்தில் நடந்த அடிதடியைப் போலீஸ் விசாரிக்கப்போக, ஷாங்காய்க்கு அனுப்பவிருந்த கட்சி ஆவணங்கள் சிக்கின. கைதுகள் தொடர்ந்தன. மீண்டும் மீண்டும் கட்டினார்கள். மீண்டும் மீண்டும் பிடிபட்டார்கள். 1928 டிசம்பரில், மாஸ்கோவிலிருந்து உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளை வழிநடத்திய கம்யூனிஸ்ட் அகிலம், உட்பூசலையும் அறிவாளிகளையே நம்பியிருந்ததையும் சுட்டிக்காட்டி, தொழிலாளர், விவசாயிகளிடமிருந்து கட்சியைப் புதிதாகக் கட்டச் சொன்னது. சிறையை ஏற்று இத்தனை முறை எழுந்தவர்களை அவரவர் கட்சிப் பெயரிலேயே நினைவுகூர வேண்டும்.

1945இல் பாக் ஹோன் யோங் தலைமையில் கட்சி மீண்டும் எழுந்தது. அடுத்த ஆண்டே தெற்கில் மற்ற இடதுசாரிக் கட்சிகளோடு இணைந்து 'நோடோங்டாங்' ஆனது. நோடோங் என்றால் உழைப்பு. வட கொரியாவை இன்று ஆளும் கட்சியின் பெயரிலும் இருப்பது இந்தச் சொல்தான். அதைத் தமிழில் 'தொழிலாளர் கட்சி' என்று எழுத வேண்டும்.