‘நைட்ஹுட்’: ஏவலிலிருந்து எழுந்த பட்டம்

மன்னர் கையால் பெறும் ‘நைட்’ (knight) என்னும் தகுதியே ‘நைட்ஹுட்’. ஆங்கிலத்தில் ‘நைட்’ என்றவுடன் கவசமும் குதிரையும் நீண்ட ஈட்டியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அச்சொல்லின் வேரில் இவற்றுள் ஒன்றும் இல்லை. நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், ‘க்நிஹ்ட்’ என்பது சிறுவனையும் இளைஞனையும், அதன் நீட்சியாகப் பெரியவர் ஒருவரிடம் ஏவல் செய்பவனையும் குறித்தது. இன்று எழுத்தில் மட்டும் எஞ்சியிருக்கும் முதல் ககரம் அன்று ஒலிக்கவும் செய்தது. ‘ஹுட்’ என்னும் பின்னொட்டுக்கு நிலை, தன்மை என்பன பொருள். ஆகவே இரண்டும் சேர்ந்த பழஞ்சொல் விருதையோ வீரத்தையோ சுட்டவில்லை. பிள்ளைமைக்கும் முழு ஆண்மைக்கும் இடைப்பட்ட இளமைப் பருவத்தையே சுட்டியது.

இதன் உடன்பிறப்பான ஜெர்மன் ‘க்நெக்ட்’ ஏவலாள், பண்ணையாள் என்ற நிலையிலேயே நின்றுவிட்டது. வீரனைச் சொல்ல ஜெர்மானியர் ‘ரிட்டர்’, அதாவது குதிரை ஊர்பவன், என்ற வேறு சொல்லைக் கொண்டனர். பிரெஞ்சு ‘செவாலியே’யும் ஸ்பானிய ‘கபயேரோ’வும் குதிரையைக் குறிக்கும் ‘கபல்லுஸ்’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. 1995இல் சிவாஜி கணேசன் பெற்ற செவாலியே விருதின் பெயரிலும் அந்தக் குதிரை ஒளிந்திருக்கிறது. ஆங்கிலமும் இவ்வழியில் ஒருமுறை அடியெடுத்து வைத்தது: 1086இல் நார்மானிய மன்னன் முதலாம் வில்லியம் தன் மகன் ஹென்றிக்கு நைட் தகுதியை வழங்கியதைப் பதிவு செய்யும் ஆங்கிலோ-சாக்ஸன் ஆண்டுக்குறிப்பு, அவனைக் ‘குதிரை ஊர்பவன்’ ஆக்கியதாகவே எழுதுகிறது. ஆயினும் அந்த வழக்கு நிலைக்கவில்லை. பிரபுவின் ஏவலாள் அவருக்காகப் போரிடுபவனாகவும், அப்பணிக்கு ஈடாக நிலம் பெற்றவனாகவும் உயர்ந்தபோது, பழைய ஏவற்சொல்லும் அவனோடு சேர்ந்து உயர்ந்தது.

உயர்ந்த பெருமை எல்லாரும் விரும்பியதாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. செலவுக்கும் கடமைக்கும் அஞ்சிப் பலர் ஒதுங்கினர். ஆண்டுக்கு 40 பவுண்டு நில வருவாய் இருந்தும் இத்தகுதியை ஏற்காதவர்களிடம் 1630 முதல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் தண்டம் வசூலித்தார். நாடாளுமன்றம் அதை 1641இல் ஒழித்தது. தகுதி பெற்றவரின் பெயருக்கு முன் வரும் ‘சர்’ என்பதோ மூத்தவர் எனப் பொருள்படும் ‘சீனியர்’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. இளைஞன் என்னும் தகுதியைப் பெற்றவருக்கு மூத்தவர் என்னும் அடைமொழி!

தமிழில் ‘நைட்’ என்பதைக் ‘குதிரை வீரன்’ என்று பெயர்ப்பது பிழை. அது குதிரைப்படையின் எந்தப் போர்வீரனையும் குறிக்கும்; சதுரங்கப் பலகையில் நாம் ‘குதிரை’ என்பது பொருந்தும், பட்டத்துக்குப் பொருந்தாது. சொல்லின் வேருக்கு மிக அணுக்கமானது சங்க இலக்கியத்தின் ‘இளையர்’. வயதில் இளையோரையும் தலைவனோடு செல்லும் ஏவலரையும் அச்சொல் ஒருங்கே சுட்டுகிறது. தொல்காப்பியக் கற்பியலும் ஏவல் முடித்தலை ‘இளையோர்’க்கு உரிய கூற்றுகளுள் வைக்கிறது. ஆனால் நம் ‘இளையர்’ பட்டமாக வளரவில்லை.

பட்டம் என்னும் பொருளுக்கு, அரசன் தன் படைத்தலைவனுக்கு மோதிரம் அணிவித்து வழங்கிய ‘ஏனாதி’ நெருங்கி வருகிறது. ஏனாதி திருக்கிள்ளியைப் புறநானூறு பாடுகிறது. அரசன் தரும் இத்தகைய சிறப்பை ‘மாராயம்’ என்று தொல்காப்பியம் குறிக்கிறது. இடைக்கால ஐரோப்பிய வீரனை ஏனாதி என்றால் அவன் தரம் சற்றே கூடிவிடும் என்பது உண்மைதான். எனினும் மன்னன் கையால், சடங்கோடு, பணிக்காகப் பெற்ற தகுதி என்னும் கருத்து அதில் சிதையாமல் வருவதால், வரலாற்று நூல்களில் ‘ஏனாதிப் பட்டம்’ என்று எழுதலாம் என்பது என் துணிபு. சி.வி. ராமன் 1929இல் பெற்றது போன்ற அண்மைக்காலச் சிறப்புக்கு ‘சர் பட்டம்’ என்ற நடைமுறை வழக்கே போதும்.